மூன்று பேருக்கு ஒரு வில்லுக்கத்தி

கத்தி வாங்குவதென்று நாங்கள் முடிவெடுத்தது ஒரு வியாழக்கிழமை இரவு. முடிவெடுக்கும்போது மூன்று பேருக்கும் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கும் கையோடு எடுக்கிற முடிவு எப்படி இருக்கும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அனெக்ஸ் இருக்கிறது. ஒரு அறை, ஒரு குசினி, மூன்று பேர். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி வன்னி. மூன்றாமவளுக்குக் கொட்டாஞ்சேனையில் சொந்த வீடே இருக்கிறது. ஆனால் சோதனைக் காலத்தில் 155 பஸ்ஸில் ஊர்ந்து ஊர்ந்து வீடு போய்ச் சேர்வதைவிட எங்களோடு பாய் விரித்துப் படுப்பது சுகம் என்பாள். அன்றைக்கு நாடக ஒத்திகை முடிந்து வர எட்டரை தாண்டிவிட்டது. ஒழுங்கைக்குள் திரும்பினதும் ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைக் கடந்து போனது. பிறகு திரும்பி வந்தது. இரண்டாம் தரம் வேகத்தைக் குறைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் தரம் எஞ்சினை நிறுத்திவிட்டு, மாதக்கணக்காக எரியாத தெரு லைட்டுக்குக் கீழே நின்றான். நாங்கள் ஓடினோம். கேற்றடியில் சாவி துவாரத்துக்குள் போகவே மாட்டேன் என்றது. அவன் நின்ற இடத்திலிருந்தே சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான். கதையைக் கேட்ட எல்லாரும் சொன்ன முதல் வசனம், "ஒண்டும் நடக்கேல்லைத்தானே." உண்மைதான், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு கிழமை நாங்கள் யாரும் தனியாக அந்த ஒழுங்கையில் இறங்கவில்லை.

அன்றிரவே போனில் தேடத் தொடங்கினோம். மடக்குக் கத்தி விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே மூன்று சொல்லைத்தான் சொல்கிறார்கள்: வேட்டைக்கு, அன்றாடப் பாவனைக்கு, தற்காப்புக்கு. மூன்றுக்கும் ஒரே கத்தி போதுமாம். டியூட்டோரியல் தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடு இழுத்து அந்த மூன்று தலைப்பையும் எழுதினோம். 'வேட்டை' என்பதை எழுதும்போது வன்னிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இரவில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

கத்தி எங்களுக்குப் புதிதில்லை. பெரியபிள்ளையானபோது எங்களை அறைக்குள் இருத்திவிட்டு, முற்றத்துக்கு இறங்கும்போதெல்லாம் கையில் ஒரு இரும்பைத் தந்தார்கள். ஒருத்திக்குப் பாக்குவெட்டி. இன்னொருத்திக்கு அம்மப்பாவின் வில்லுக்கத்தி. கொட்டாஞ்சேனைக்காரி வேதக்கார வீடு. அங்கேயும் அப்பாச்சி தலையணைக்குக் கீழே செபமாலையோடு சேர்த்து ஒரு சின்னக் கத்தியை வைத்தாவாம். "இரும்பு கையில இருந்தா ஒண்டும் கிட்ட வராது பிள்ளை" என்பது அம்மம்மாவின் விளக்கம். எது கிட்ட வரும் என்று அவ சொல்லவில்லை. பேய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஆக, எங்களுக்குக் கிடைத்த முதல் தற்காப்புக் கத்தி பேய்க்கு எதிரானது. இரண்டாவது ஆயுதம் சட்டைப்பின். ஏ.எல். ரியூசனுக்குப் பஸ்ஸில் போய்வந்த ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் அது தெரியும். சால்வையில் ஒன்று, பாக் வாரில் ஒன்று. பின்னால் நெரிக்கிறவனுக்கு ஒரு குத்து; திரும்பிப் பார்த்தால் நாங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்போம். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையின் பஸ்களிலும் ரயில்களிலும் செய்த ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் 90 வீதமானோர் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பொலிஸிடம் போனவர்கள் வெறும் 4 வீதம். மிச்சப் பேரில் எத்தனை பேரின் சால்வையில் பின் இருந்தது என்பதை எந்த ஆய்வும் எண்ணியிருக்காது.

சரி, முதல் தலைப்பு. வேட்டை.

வன்னிக்காரி தன் பெரியப்பாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். இளவயதில் காட்டுக்குப் போய்வந்த மனிசன். வேட்டைக்கு மடக்குக் கத்தி வாங்கலாமா என்று கேட்டதும் அங்கால கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வில்லுக்கத்தியாலயோ? உங்களுக்கென்ன விசரே?" என்றார். "மடிப்பு இருந்தா ரத்தமும் கொழுப்பும் அதுக்குள்ள போய் நிக்கும். ரெண்டாம் நாள் நாறும், மூண்டாம் நாள் கறள் கட்டும். தோல் உரிக்கேக்க கத்தி மடங்கினா போறது பண்டியின்ர விரல் இல்லை, உன்ர விரல்."

அவரிடம் இருந்தது லொறி வில்லுத் தகட்டில் ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த கத்தி. அலகும் பிடிக்குள் போகும் வாலும் ஒரே இரும்பு. நடுவில் மூட்டு இல்லை, ஆணி இல்லை. வேட்டைக் கத்தி பற்றி வெளிநாட்டுக்காரர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரமும் இதுதான். எலும்பிலும் மூட்டிலும் கத்தியைத் திருப்ப வேண்டியிருக்கும். மடக்குக் கத்தியின் பலவீனமான இடமே அந்தத் திருப்பத்தைத் தாங்கவேண்டிய மூட்டு.

"ஆனா இப்ப என்னத்துக்கடி வேட்டை?" என்று அவரே கேட்டார். மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. காட்டோடு காடாக வாழ்ந்த தம்பானை வேடர்களே, 1983இல் மாதுரு ஓயா தேசிய பூங்கா ஆனபோது தங்கள் வேட்டை நிலத்தை இழந்தார்கள். இன்றைக்குக் காட்டில் நடப்பது பெரும்பாலும் கட்டுத்துவக்கும் 'ஹக்கபட்டாஸ்' வெடியும்தான். தீனிக்குள் ஒளித்து வைக்கிற அந்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்காகக் கிடந்து சாகும் யானைக்குட்டிகளின் படங்களை எல்லாரும் பார்த்திருப்போம். வெள்ளவத்தை அனெக்ஸில் நாங்கள் வேட்டையாடுவது கரப்பொத்தானை மட்டும். அதற்குச் செருப்புப் போதும். முதலாவது தலைப்பை வெட்டினோம்.

இரண்டாவதுக்குச் சனிக்கிழமை பழைய சோனகத் தெருவுக்குப் போனோம். கொழும்பில் இரும்புச் சாமான் என்றால் அந்தத் தெருதான். கொட்டாஞ்சேனை வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஆமர் வீதிப் பக்கமாக நடந்தோம். ஆணி, சங்கிலி, பூட்டு, பைப் என்று நாலைந்து கடை ஏறி இறங்கிய பிறகு, உள்ளே ஒடுங்கிப்போன ஒரு கடையில் வயதான நானா ஒருவர் எங்களை இருக்கச் சொன்னார்.

"என்னத்துக்கு மகள்?"

"பழம் வெட்ட."

மூன்று பெண்பிள்ளைகள் சனிக்கிழமை வெயிலில் பழம் வெட்டக் கத்தி தேடி அங்கே வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூன்று கத்தியை எடுத்து வைத்தார். எங்கள் கையில் தரவில்லை, மேசையில் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீடுகளிலும் சொல்வார்கள்.

முதலாவது கறுப்பு. பிடியில் மண்டையோட்டுப் படம், பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். அதைத் தட்டினால் அலகு 'டக்' என்று பாய்ந்து வரும். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அதுதான் பிடித்தது. அந்தச் சத்தத்தை மோட்டார் சைக்கிள்காரன் கேட்பதை மூன்று பேரும் மனதுக்குள் பார்த்துவிட்டோம். நானா அதை விரித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தினார். லொக் வழுக்கி, அலகு மடங்கிக்கொண்டு வந்தது.

"இது பார்க்க மட்டும்தான் மகள். வெட்டப் போனா வெரல் போய்ரும்."

ஒரு மணித்தியாலம் அவரிடம் படித்ததையும், பிறகு நாங்களாக வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். இனி வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

மடக்குக் கத்தியில் முதலில் பார்க்கவேண்டியது அலகை அல்ல, அது விரிந்தபின் எப்படி நிற்கிறது என்பதை. பழைய வில்லுக்கத்தியில் பிடியின் முதுகில் ஒரு வில்லு இருக்கும். அது அலகை அழுத்திப் பிடிக்கும், ஆனால் பூட்டாது. கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட சுவிஸ் கத்தியின் வழக்கமான அளவுகளும் இந்த வகைதான். கார்ல் எல்ஸனர் என்பவர் 1884இல் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்தது; 1897இல் பதிவான அதன் 'அதிகாரிக் கத்தி'யின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்கு உலகம் முழுக்கச் சட்டைப் பைகளில் கிடக்கின்றன. இரண்டாவது வகையில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று, அலகு விரிந்ததும் அதன் காலடியில் வந்து முட்டுக்கொடுக்கும். நன்றாகச் செய்தால் உறுதி. மலிவாகச் செய்தால் அந்த மண்டையோட்டுக் கத்திபோல வழுக்கும். மூன்றாவது, பிரான்ஸின் ஒபினெல் கத்தியில் உள்ள வளையம். ஜோசப் ஒபினெல் 1890இல் மரப்பிடியோடு செய்த கத்தி அது. 1955இல்தான் வளையம் சேர்ந்தது. அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் பூட்டு. இதைவிட எளிமையான வேலைப்பாட்டை நாங்கள் காணவில்லை.

அடுத்தது இரும்பு. கார்பன் கூடின இரும்பு லேசில் தீட்டுப்படும், நல்ல கூர் எடுக்கும். ஆனால் எலுமிச்சம்பழமும் மாங்காயும் பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் கறள் பிடிக்கும். வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு யன்னல் கம்பியே உதிர்கிறது. எங்களுக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. நீளம் ஏழு, எட்டு சென்ரிமீற்றர் போதும். மாம்பழம், பார்சல், கயிறு, பாண், ஒத்திகைக்குக் காட்போட், எல்லாம் அதற்குள் அடங்கும். பிடியை நாலு விரலும் சுற்றிப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கை ஈரமாக இருக்கும்போதும் பிடித்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பெயர் அடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்தத் தெருவில் பெயர் அடிப்பது கத்தி அடிப்பதைவிட மலிவு.

நானா காட்டிய மூன்றாவது கத்தி மரப்பிடி போட்டது. பெயர் எதுவும் இல்லை. மேசை விளிம்பில் வைத்து எங்களையே அழுத்திப் பார்க்கச் சொன்னார். மடங்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயைச் சில்லறை சில்லறையாக எண்ணிக் கொடுத்தோம்.

இனி மூன்றாவது தலைப்பு. இதற்காகத்தானே போனோம்.

கத்தி வந்த இரவே பரீட்சித்துப் பார்த்தோம். அலகைத் திறக்காமல், அதற்குப் பதிலாகச் சிவப்பு மார்க்கர் பேனை. ஒருத்தி மோட்டார் சைக்கிள்காரன். அவள் கையில் மார்க்கர். மற்றவள் தோளில் பாக், பாக்குக்குள் கத்தி. அறையின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு வரவேண்டும். மூன்றாமவள் போனில் நேரம் எடுத்தாள். சிரிப்பும் கூத்துமாகத்தான் தொடங்கினோம். ஏழெட்டுத் தரம், ஆள் மாற்றி ஆள் செய்துபார்த்தோம். ஒரு தரம்கூடக் கத்தி விரியவில்லை. சிப்பைத் திறப்பதற்குள், போன் சார்ஜருக்குள்ளும் லிப்பாமுக்குள்ளும் விரல் சிக்குப்படுவதற்குள், ஆள் வந்துவிடுகிறாள். இரண்டு தரம் பாக்கையே பிடுங்கிக்கொண்டாள். அதாவது கத்தியும் அவளிடம் போய்விட்டது. கடைசியில் எங்கள் ரீ-சேட்களைக் கழற்றிப் பார்த்தோம். கழுத்தடியில், முழங்கையில், வயிற்றில் சிவப்புக் கோடுகள். சிரிப்பு நின்றுவிட்டது.

அமெரிக்கப் பொலிஸ் பயிற்றுநர் டெனிஸ் டூலர் என்பவர் 1980களில் இதையே கணக்காகச் சொல்லியிருக்கிறார். கத்தியோடு வருகிற ஒருவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரைச் செக்கனில் கடந்துவிடுவான். இடுப்பில் துவக்கு வைத்திருக்கிற பயிற்சி பெற்ற பொலிஸ்காரனுக்கே அது போதாத நேரம். எங்கள் அறையின் நீளம் பன்னிரண்டு அடி.

சட்டபீடத்தில் படிக்கிற அக்கா ஒருத்தியிடமும் கேட்டோம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் தற்காப்பு உரிமை 89ஆம் பிரிவில் தொடங்குகிறது. உரிமை இருக்கிறது. ஆனால் 92ஆம் பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவது 315ஆம் பிரிவில் தனிக் குற்றம். "எவ்வளவு தேவைப்பட்டது எண்டு அந்த ஒழுங்கையில நீங்கள் யோசிக்க ஒரு செக்கன் இருக்கும். நீதிமன்றத்தில அதைப் பற்றி யோசிக்க வருசக்கணக்கா நேரம் இருக்கும்" என்றா அக்கா. பிறகு, எங்களைத் துரத்தியவன் செய்ததற்கும் பெயர் இருக்கிறது என்றா: 1995இல் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவு, பாலியல் தொந்தரவு. சொல்லாலோ செயலாலோ செய்தாலும் குற்றம். மூன்று வருசமாகக் கம்பஸில் படிக்கிறோம். அதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். அவன் செய்தது 'ஒன்றும் நடக்காதது' அல்ல.

லண்டனில் இருக்கிற மச்சாள் ஒருத்திக்குக் கத்தியின் படத்தை அனுப்பினோம். பதில் உடனே வந்தது: "இதை இங்க பொக்கெற்றுக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்சா உள்ளதான்." பிரித்தானியாவில் 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டாத மடக்குக் கத்தியை மட்டும்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாமாம். எங்கள் கத்தி பூட்டுகிற கத்தி. தற்காப்புக்கு என்று சொல்வதை அங்கே நல்ல காரணமாக எடுக்கமாட்டார்கள் என்றாள்.

ஆனால் எங்களை உண்மையில் நிறுத்தியது சட்டமும் இல்லை, மார்க்கரும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு போன். கத்தி வாங்கின கதையை எங்களில் ஒருத்தி அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"கொழும்பில ஒரு தமிழ்ப் பிள்ளை பாக்குக்குள்ள கத்தி வச்சிருக்கிறதெண்டா என்னெண்டு உனக்குத் தெரியுமோ?"

எங்களுக்குத் தெரியாது. செக்பொயின்ற் காலத்தில் நாங்கள் குழந்தைகள். ஆனால் அம்மாவுக்குத் தெரியும். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பியபோது, அம்மா வெளிநாட்டு அலுவலாக வந்து உறவினர் வீட்டில் நின்றா. 376 பேர். அவர்கள் செய்த குற்றம், கொழும்பில் தங்குவதற்குச் சரியான காரணம் இல்லையாம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அந்த மாதிரியான ஊரில் பாக்குக்குள் இருக்கும் கத்தியை 'பழம் வெட்ட' என்று யாரிடம் போய் விளங்கப்படுத்துவது? "சட்டைப்பின்னுக்கே பயந்து பயந்துதான் நாங்கள் பாக்கைத் திறந்து காட்டினனாங்கள்" என்றா அம்மா.

பிறகு போனை அப்பம்மாவிடம் கொடுத்தா. அப்பம்மா 1983 யூலையில் வெள்ளவத்தையில் இருந்தவ. அந்தக் கதையை நாங்கள் பலதரம் கேட்டிருக்கிறோம், ஆனால் கத்தியை நினைத்துக்கொண்டு கேட்டது இதுதான் முதல்தரம். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்த கூட்டங்கள் அவை. அப்பம்மாவின் குசினியில் தேங்காய் உடைக்கிற கத்தி, மீன் வெட்டுகிற கத்தி, அரிவாள் எல்லாம் இருந்தன.

"ஒண்டையும் எடுக்கேல்லையோ அப்பம்மா?"

"எடுத்து? அத்தனை பேருக்கு முன்னால நான் ஒருத்தி கத்தியோட நிண்டா அவங்களுக்கு வெட்ட ஒரு சாட்டுத்தான். பிள்ளையளத் தூக்கிப் பின்மதிலால போட்டன். அங்கால சில்வா வீட்டுக்காரி ஏந்தினவ."

மூன்று நாள் அந்த வீட்டின் சாமான் அறைக்குள் இருந்தார்கள். கூட்டம் வந்து கேற்றைத் தட்டியபோது அந்த மனிசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று சத்தம் போட்டவவாம். அவவின் கையில் கத்தி இருந்ததா என்று கேட்டோம். "அகப்பை இருந்தது" என்றா அப்பம்மா. எல்லாருக்கும் அப்படி ஒரு மதிலும் அங்கால ஒரு மனிசியும் கிடைக்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். கிடைக்காதவர்களின் வீடுகள் இருந்த ஒழுங்கைகளால்தான் நாங்கள் தினமும் பாண் வாங்கப் போகிறோம்.

கொட்டாஞ்சேனைக்காரி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. படுக்கும்போதுதான் சொன்னாள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது அவள் வீட்டு யன்னல் அதிர்ந்தது. நாடு முழுக்க அன்றைக்கு இறந்தவர்கள் 250க்கு மேல். அவளுடைய வீதியில் மட்டும் அந்தக் கிழமை எத்தனை வெள்ளைக்கொடி கட்டினார்கள் என்று அவள் எண்ணவில்லை. மே மாதத் தொடக்கத்தில் பொலிஸ் ஒரு அறிவித்தல் விட்டது: வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் கிட்டவுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அன்றாட வேலைக்குப் பாவிக்கிற கத்திகளுக்கு விலக்கு.

"எது அன்றாடம்?" இதுதான் அந்த இரவு அவள் வீட்டில் நடந்த சண்டை. அப்பா வீட்டில் இருந்த எல்லாக் கத்தியையும் மேசையில் வரிசையாக வைத்தார். மரக்கறிக் கத்தி அன்றாடம். தேங்காய்க் கத்தி? அதுவும் அன்றாடம்தான், ஆனால் பார்க்கப் பெரிசு. தாத்தா மீன்பிடிக்கப் போகும்போது வைத்திருந்த மடக்குக் கத்தி? அது பத்து வருசமாக ஒரு வேலையும் செய்யவில்லை. ஆகவே அன்றாடம் இல்லை. பக்கத்து முஸ்லிம் வீட்டில் அந்தப் பயம் இரண்டு மடங்கு. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் அறுக்கும் கத்தியை என்ன செய்வதென்று அந்த வீட்டு அங்கிள் அவளுடைய அப்பாவிடம் வந்து கேட்டார். இவருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு மனிதர்களும் ஒரு கத்தியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் சும்மா நின்றார்களாம். தாத்தாவின் கத்தியை அப்பா இரவோடிரவாக எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். எங்கே என்று இன்றுவரை சொல்லவில்லை.

"அதுக்குப் பிறகு அப்பா வீட்டுக்குப் புதுக் கத்தி ஒன்றும் வாங்கவே இல்லடி" என்றாள். "நான்தான் வாங்கியிருக்கன்."

இதை எழுதும்போது ஒன்று விளங்குகிறது. வேலைக்கு வாங்குகிற கத்திக்கு அளவு இருக்கிறது: மாம்பழத்தின் அளவு, கயிற்றின் தடிப்பு. பயத்துக்கு வாங்குகிற கத்திக்கு அளவே இல்லை. எவ்வளவு நீளம் எடுத்தாலும் அது போதாது என்றுதான் படும். அந்த இரண்டு கிழமையில் கத்தியைப் பாக்கில் வைத்துக்கொண்டு திரிந்தபோது எங்களுக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் பாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பொலிஸ்காரரைக் கண்டால் மற்றப் பக்கம் மாறி, யாராவது முட்டினால் திடுக்கிட்டு நடந்தோம். இருந்த ஒரு பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்ததுதான் மிச்சம்.

அப்படியென்றால் ஒழுங்கையை என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்கார அன்ரியிடம் முதல்தரமாக முழுக் கதையையும் சொன்னோம். "ஏன் பிள்ளையள் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று ஏசிவிட்டு, அடுத்த நாளே கேற்றுக்கு மேலே ஒரு பல்ப் போடுவித்தா. முனைக் கடை அண்ணா இரவில் கடை பூட்டுமுன் நாங்கள் வந்துவிட்டோமா என்று பார்ப்பார். ஒழுங்கையில் இருக்கிற மற்ற அனெக்ஸ் பிள்ளைகளோடு ஒரு வட்ஸ்அப் குறூப் திறந்தோம். அங்கேதான் தெரிந்தது, அந்த மோட்டார் சைக்கிளை நாலு பேர் ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள். நாலு பேரிடமும் 'ஒண்டும் நடக்கேல்லைத்தானே' என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது இலக்கத்தகடு எங்களிடம் இருக்கிறது. 119உம், பெண்களுக்கான 1938உம் எல்லாருடைய போனிலும் இருக்கிறது. முறைப்பாடு கொடுக்கிறதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தி போகலாம் என்கிறாள். ஒருத்தி, பொலிஸில் முதல் கேட்பது "ஏன் அந்த நேரத்தில் வெளியே போனீர்கள்" என்பதாகத்தான் இருக்கும் என்கிறாள். தெரு லைட் இன்னும் எரியவில்லை.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். மோட்டார் சைக்கிள் சத்தம் பின்னால் கேட்டால் மூன்று பேரும் இன்றும் பேச்சை நிறுத்துகிறோம். சால்வையில் சட்டைப்பின் இருக்கிறது. அதை மட்டும் கழற்றவில்லை.

கத்தி குசினியில் இருக்கிறது. நல்ல கத்தி, நானா பொய் சொல்லவில்லை. கிழமைக்கு ஒருக்கால் தீட்டுகிறோம், கழுவினால் துடைத்து ஆணியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் விடுகிறோம். போன மாதம் அம்மா வந்து நின்றபோது பலாச்சுளைப் பாலில் கை ஒட்ட ஒட்ட அதால்தான் கொட்டை எடுத்தா. வெட்டி முடிய அலகைத் துடைத்து, வளைத்துப் பார்த்து, "கூர் இருக்கு" என்றா. பிறகு மடித்து, கையில் தராமல், மேசையில் வைத்தா.